முதுகில்லாத நூல்களுக்காக: நீலகிரி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மைய நூலகம் தொடங்கி ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் வரை இந்த மலையில் புத்தகம் காக்கும் நூலகர்களுக்கும், நூல் தேர்வுக் குழுவினருக்கும், வாசகர் வட்டத்தாருக்கும் வணக்கம்.

ஒரு குறிப்பிட்ட வகைப் புத்தகத்துக்காக இதை எழுதுகிறோம். 32 பக்கம், 48 பக்கம், மிஞ்சினால் 80 பக்கம். நடுவில் இரண்டு கம்பிப் பின். முதுகு கிடையாது, அதனால் அடுக்கில் நிற்கும்போது பெயர் தெரியாது. உள்ளே கவிதை இருக்கும், அல்லது எங்கோ ஒருமுறை மேடையேறிய நாடகத்தின் பிரதி இருக்கும், அல்லது பிறந்த தோட்டத்தையும் விட்டுவந்த லயத்தையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பற்றி ஒருவர் தன் கைப்பட எழுதியது இருக்கும். ஊரை இழந்தவர்களும், மொழி கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும், ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு அலுவலகம் அலுவலகமாகக் காகிதம் நீட்டியவர்களும் எழுதிய நூல்கள் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகின்றன. சொந்தக் காசில் அச்சிடுகிறார்கள். இருநூறு முந்நூறு பிரதிக்கு மேல் போடக் கையில் பணம் இருப்பதில்லை. முதல் பதிப்பே கடைசிப் பதிப்பாகவும் ஆகிவிடுகிறது.

மலையின் ஈரத்தில் முதலில் சாகிற புத்தகமும் இதுதான். பக்கத்தில் நிற்கும் தடித்த நாவல் தாக்குப்பிடிக்கும் அடுக்கில் இது பத்து மழைக்காலத்தைத் தாண்டுவது அரிது. தாண்டினாலும் நூலகத்தின் வழக்கமான நடைமுறைகளே அதை வெளியே தள்ளிவிடுகின்றன. இரண்டையும் தடுக்க முடியும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

நூல் தேர்வுக் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு சிறு பின்னணி. 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் கணிசமானோர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் அரசு இங்கே தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மலையில் வாழும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படுகர் ஆகியோரின் பாட்டும் சாவுச் சடங்கின் சொல்லும் இப்போதுதான் தமிழ் எழுத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அச்சேறுகின்றன. இந்த இரண்டு ஓடைகளும் வந்து சேரும் இடம் உங்கள் அடுக்கு.

பின்னில் தொடங்குகிறோம், ஏனென்றால் அழிவு அங்கேதான் தொடங்குகிறது.

அச்சகத்தில் அடிக்கும் பின் இரும்புக் கம்பிதான், மேலே மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும். அடிக்கும்போது கம்பி வளைகிற இடத்தில் அந்தப் பூச்சு விரிசல் விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த விரிசலில் துரு ஏறும். முதல் மழைக்காலத்தில் நடுப்பக்கத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அடுத்தடுத்த மழையில் அது தாள் தாளாக ஊடுருவும். துரு தாளில் கறையாக மட்டும் நிற்பதில்லை, நாரையே அரிக்கும். கடைசியில் பின் அப்படியே இருக்க, அதைச் சுற்றி மிளகளவு ஓட்டை விழுந்து நடுத்தாள் கழன்றுவிடும். கவிதைத் தொகுப்பில் நடுத்தாள் போனால் நான்கு பக்கம் போயிற்று, அதாவது இரண்டு மூன்று கவிதை. நாடகத்தில் நடுத்தாள் போனால் ஒரு காட்சி நடுவில் அறுந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நாடகத்தை யாரும் மேடையேற்ற முடியாது.

ஆகவே பின் அடித்த நூல் நூலகத்துக்குள் வந்ததும், சேர்க்கை எண் போடும் நாளிலேயே, பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். துரு பிடிக்கும்வரை காத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. மேசையில் கிடக்கும் பின் பிடுங்கியைத் தொடாதீர்கள், அது தாளைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நூலை நடுப்பக்கத்தில் விரித்துவைத்து, பின்னின் மடங்கிய இரு கால்களுக்கும் அடியில் ஒரு பழைய போஸ்ட்கார்டு துண்டைச் செருகி, முனை மழுங்கிய மெல்லிய கத்தியால் காலை நிமிர்த்துங்கள். இரண்டு காலும் நேரானபின் நூலைத் திருப்பி, வெளிப்பக்கத்திலிருந்து பின்னை உருவினால் தாளுக்கு நோகாது. ஏற்கெனவே துரு இருந்தால் உலர்ந்த சிறு தூரிகையால் வெளிநோக்கித் தட்டிவிடுங்கள். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறு தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. துணிக்கு அது சரியாக இருக்கலாம், தாளுக்கு அந்தப் புளிப்பு விஷம்.

ஓட்டை விழுந்த தாளுக்கு லென்ஸ் டிஷ்யூ என்ற மிக மெல்லிய தாளில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பட்டை கிழித்து ஒட்டலாம். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரத்து நார் தாளோடு படிந்து உட்காரும். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் இருபது நிமிடம் கிண்டி, ஆறியதும் துணியில் வடிகட்ட வேண்டும். பூச்சி வராமலிருக்க நம் பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். வெளி அட்டைக்கு அது சரி. எழுத்துள்ள தாளில் மட்டும் மயில்துத்தப் பசை படவேண்டாம், அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். துத்தம் போடாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். செலோடேப் பற்றி ஒரே வரி: எந்த அவசரத்திலும் வேண்டாம்.

தையல் மூன்று துளைத் தையல். பின் எடுத்த இடத்தில் நான்கு துளை இருக்கும், மேல் பின்னின் மேல் துளையையும் கீழ்ப் பின்னின் கீழ்த் துளையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டநடுவில் குத்தூசியால் புதிதாக ஒன்று போடுங்கள். நூலின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளத்துக்கு வெளுக்காத பருத்தி நூல் வேண்டும். 21.5 சென்டிமீட்டர் உயரமுள்ள டெமி நூலுக்கு 55 சென்டிமீட்டர் போதும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போய், மேல் துளையில் உள்ளே வந்து, உள்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியேறி, திரும்ப நடுத்துளையில் உள்ளே வாருங்கள். உள்ளே ஓடும் நீள இழைக்கு இருபுறமும் இரண்டு முனையும் நிற்கும்படி வைத்து முடிச்சிடுங்கள். சுண்டி இறுக்க வேண்டாம், நூல் தாளை அறுத்துவிடும். கை பழகியவருக்கு ஒரு நூலுக்கு இருபது நிமிடம் ஆகும்.

தைக்கும்போதே வெளியே 300 ஜிஎஸ்எம் அட்டையில் ஒரு மேலுறை சேர்த்துத் தையுங்கள். அந்த அட்டையை நடுவில் ஒரே மடிப்பாக மடிக்காமல், ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மடிப்பாக மடித்தால் சன்னமான ஒரு முதுகு கிடைக்கும். நூலின் உடலைத் தைப்பது அந்த முதுகின் நடுக்கோட்டில். அதில் பெயரையும் அழைப்பு எண்ணையும் எழுதி ஒட்டலாம். தடித்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பெயரற்றுக் கிடந்த நூலுக்கு முதன்முதலாக ஒரு பெயர் தெரியும். எங்கள் அனுபவத்தில் இந்த ஆறு மில்லிமீட்டரைப்போலப் பலன் தருகிற செலவு வேறில்லை.

மலையில் ஈரம் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை போட்டுத் தாக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. ஊட்டி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, டிசம்பர் ஜனவரியில் உறைபனியையும் பார்க்கும். ஆகவே மாவட்டம் முழுமைக்கும் ஒரே சுற்றறிக்கையில் ஒரே மாதத்தில் ‘நூல் பராமரிப்பு’ வைப்பது பொருந்தாது. கூடலூர்க் கிளைக்கு மே மாதம், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் செப்டம்பர். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் கருவி) அடுக்குக்கு நடுவில் வைத்து, காலையும் மாலையும் எண்ணைக் குறித்துவாருங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் நிம்மதி. 65க்கு மேல் போனால் பூசணம் விதைக்கப்பட்டாயிற்று என்று பொருள்.

அடுத்து இரும்பு பீரோ. மதிப்புள்ள நூலைப் பூட்டிவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சிறு நூல்களை எல்லாம் பீரோவுக்குள் அடைத்துவிடுகிறோம். இரவில் குளிர் இறங்கும்போது பீரோவின் தகடுதான் முதலில் குளிரும். உள்ளே அடைபட்ட காற்றிலுள்ள ஈரம் அந்தத் தகட்டில் வியர்வையாகப் படியும். தகட்டில் சாய்ந்திருக்கும் நூல் அதை உறிஞ்சும். பீரோவில்தான் வைக்க வேண்டும் என்றால் பின்தகட்டுக்கும் நூலுக்கும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் ஒரு மரச்சட்டம் கொடுங்கள். வெயில் உள்ள நாளில் பகல் 11 மணியிலிருந்து 3 மணிவரை கதவைத் திறந்துவையுங்கள். மூடுபனி இறங்கும் மாலையில் திறக்காதீர்கள், பனியை உள்ளே அழைத்த மாதிரி ஆகும். திறந்த அடுக்காக இருந்தால் வெளிச்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளியும், கீழ்த்தட்டு தரையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கட்டும். நூலை வெயிலில் காயவைப்பது கூடாது. மை வெளுக்கும், அட்டை சுருளும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய சிறு பெட்டிக்கு மட்டும்தான் உதவும். கதவிடுக்கு உள்ள பீரோவில் ஓரிரு நாளில் அது நிறைந்துவிடும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் வேலை முடிந்தது. 110 முதல் 120 டிகிரி சூட்டில் வறுத்தெடுத்தால் மறுபடியும் நீலமாகும். அந்துருண்டை ராமபாணப் பூச்சியை விரட்டும், பூசணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பூசணம் பிடித்த நூலை ஈரத்தோடு துடைக்கக் கூடாது, துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். முதலில் தனியே எடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் முழுக்க உலர்த்தி, பொடியாகும் நிலைக்கு வந்தபின் கட்டடத்துக்கு வெளியே நின்று, என்95 முகக்கவசம் போட்டு, மென்தூரிகையால் தள்ளுங்கள். கூரை ஒழுகி நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் அச்சில்லாத தாளை நான்கைந்து பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய தினசரியைச் செருகாதீர்கள், அதன் மை கவிதைமேல் பதியும்.

பசைக் கட்டு நூல்களுக்கு வேறு கோளாறு. சூட்டில் உருக்கி ஊற்றும் பசை ஊட்டிக் குளிரில் விறைத்துவிடும். ஜனவரிக் காலையில் அந்த நூலை மேசையில் வைத்து அழுத்தி விரித்தால் முதுகு நடுவில் ‘படக்’கென்று உடையும். ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கும்போதுதான் இது மிகுதியாக நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை மழைக்காலத்தில் வெளிப்பக்கமாகச் சுருளும். உள்பக்கத் தாள் ஈரத்தில் விரிய, மேலுள்ள படலம் விரியாமல் நிற்பதே காரணம். அடுக்கில் நெருக்கமாக, ஆனால் திணிக்காமல் நிற்கவைத்தால் பாதி சரியாகும்.

இனி நூற்பட்டியல். நூல் பிழைத்திருந்தாலும் தேடுபவர் கையில் சிக்காவிட்டால் என்ன பயன்?

நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி பகுப்பில் தமிழ்க் கவிதை 894.8111. தமிழ் நாடகம் 894.8112. கடிதத் தொகுப்பு 894.8116. தன்வரலாறு 920க்குப் போகலாம். பட்டியலிடுபவர் குடியேற்றம் என்று கருதினால் அதே நூல் 325இலும், இனக்குழு என்று கருதினால் 305.8இலும் போய் உட்காரும். தன் பாட்டி எந்தத் தோட்டத்திலிருந்து எப்போது கப்பலேறினாள் என்று அறிய வரும் கூடலூர்ப் பெண் நான்கு அடுக்குக்கு நடக்க வேண்டும். முதல் அடுக்கில் கிடைக்காதபோதே அவள் திரும்பிவிடுவாள். இந்த எண்களை மாற்றச் சொல்லவில்லை. எண் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், மேலுறையின் முதுகில் எல்லா நூலுக்கும் ஒரே நிறத்தில் ஒரு பட்டையை ஒட்டுங்கள். பட்டியலில் ‘துணைப் பதிவு’ எழுதுங்கள், அதாவது வேறு பெயரில் தேடுபவருக்கும் நூலைக் காட்டும் கூடுதல் அட்டை. துணைப் பதிவில்தான் இந்த நூல்களின் உயிர் இருக்கிறது.

இலங்கையிலிருந்து வந்தவர்களை எந்தப் பெயரில் எழுதுவது? அரசுத் தாளில் ‘தாயகம் திரும்பியோர்’. அக்கம்பக்கத்துப் பேச்சில் ‘சிலோன்காரர்’. இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கில் நெடுங்காலம் ‘இந்தியத் தமிழர்’. எழுதுகிறவர்கள் பலர் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘மலையகத் தமிழர்’. அங்கே இருந்தவரை இந்தியாக்காரர், இங்கே வந்தபின் சிலோன்காரர் என்று ஆனவர்களுக்கு நூலகமாவது அவர்கள் சொல்லும் பெயரைத் தலைப்பாக வைக்கட்டும். மற்ற மூன்று பெயரையும் விட்டுவிட வேண்டாம், அந்தப் பெயரில் தேடுபவரும் வருவார். ‘சிலோன்காரர்: மலையகத் தமிழர் காண்க’ என்று ஒரு வழிகாட்டி அட்டை போதும். படுகர், படகர் இரண்டு எழுத்துக்கூட்டலும் வழக்கில் உண்டு, இரண்டிலும் அட்டை வேண்டும். ‘குறும்பர்’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுவது பெரிய பிழை. ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், முள்ளு குறும்பர் பேசும் மொழிகள் வேறு வேறு.

ஓர் அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு இப்படி ஒரு வடிவம் வைத்துக்கொள்ளலாம். மேல் வரியில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு. அடுத்து ‘கவிதை, 48 பக்கம், டெமி, 31 கவிதை’. பிறகு நூலில் வரும் ஊர்கள், பயணம் போன வரிசையிலேயே: ‘ஹட்டன், தலைமன்னார், மண்டபம், கூடலூர்’. பிறகு தோட்டத்தின் பெயர். இங்கே கவனம் வேண்டும். மலையகத் தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். நூலில் எது வருகிறதோ அதை அப்படியே எழுதி, மற்றது தெரிந்தால் அடைப்பில் சேர்க்கலாம். குடும்பங்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் தமிழ்ப் பெயரைத்தான். கடைசி வரியில் இழப்பின் வகையை ஒரே சொல்லில்: பிரிவு, சாவு, நிலம், மொழி, காகிதம். ‘காகிதம்’ என்று ஏன் தனியாகப் போட வேண்டும் என்பது இந்த நூல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். தொலைந்த விண்ணப்பம், தவறாக எழுதிய தந்தை பெயர், எழுத்து மாறிப்போன ஊர் என்று ஒரு குடும்பத்தின் முழுத் துயரமும் ஒரு தாளில் தொங்கும்.

சொற்களுக்கும் துணை வேண்டும். லயம், பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கழித்துவிடுவது), கங்காணி (தொழிலாளரை மேற்பார்ப்பவர்) போன்றவை தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், டவுனில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாமல் போகலாம். ‘துண்டு’ அதைவிடச் சிக்கல். கடன் கணக்கை எழுதிக் கங்காணி கையில் கொடுக்கும் சீட்டு அது. அது இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இலங்கையில் அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது, ஆனால் பாட்டில் இன்னும் இருக்கிறது. தோளில் போடும் துண்டு என்று நினைத்து வாசித்தால் கவிதை விளங்காது. நூலின் ஓரத்தில் பொருள் எழுதாதீர்கள். ஏ4 தாள் ஒன்றில் ஐம்பது சொல் எழுதி, அடுக்கின் முனையில் தொங்கவிட்டால் போதும்.

மலைக்குடிகளின் பாட்டு நூல்களில் இன்னும் சில கவனங்கள். தோடர், படுகர் மொழிகளின் ஒலிகள் தமிழ் எழுத்துக்குள் முழுக்க அடங்காது. அதனால் பாடலோடு ஒலிப்பதிவும் இருக்கும் நூலையே முதலில் தேர்ந்தெடுங்கள். 1930களில் இங்கே தங்கி மொழிகளைப் பதிந்த மொழியியலாளர் எமனோ, தோடர் பாடல் மூன்றசை அலகுகளால் ஆனது என்றும், சொற்றொடர்கள் இணை இணையாக வரும் என்றும் காட்டினார். இடம் மிச்சப்படுத்த அந்த இணைகளை உரைநடைபோல் ஓட்டி அச்சிட்ட நூலில் பாட்டு பாதி செத்துவிட்டது. வாங்குமுன் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலே இது தெரியும். படுகர் சாவுச் சடங்கில் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கும் ‘கரு ஹரசோது’ போன்றவற்றை அச்சிட்ட நூலை வாசகர் வட்டத்தில் உரக்கப் படிக்குமுன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒப்பாரியைச் சாவில்லாத வீட்டில் சும்மா பாடக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா, அதுபோலத்தான். தோடரிடம் இறந்தவர் பெயரைச் சொல்லத் தயங்கும் வழக்கம் உண்டு. பட்டியலில் பெயர்ச் சொல்லடைவு போடும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

நாடகத்துக்கு ஒரு தனி வேண்டுகோள். ஒரு பிரதி மட்டும் வாங்குவதென்றால் நாடகத்தை வாங்காமலே விடலாம். நாடகம் ஆள் சேர்த்து வாசிக்கப்பட வேண்டியது, ஆறு பாத்திரம் இருந்தால் குறைந்தது நான்கு பிரதியாவது மேசையில் வேண்டும். மலையகத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் காமனை எரித்தபின் ரதி புலம்பும் இடம்தான் அதன் உச்சம். தப்பு என்ற பறை எங்கே நிற்கிறது, எங்கே மறுபடி எழுகிறது என்று தெரியாமல் அந்தப் புலம்பலை மனதுக்குள் படித்தால் வெறும் வரிதான் மிஞ்சும். ஆகவே நாடக நூலின் அட்டையில் பாத்திர எண்ணிக்கை, ஆண் பெண் கணக்கு, நடக்கும் நேரம், வேண்டிய கருவி ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். ஆண்டுவிழாவுக்கு நாடகம் தேடிவரும் பள்ளி ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.

அச்சாகாத எழுத்துகளும் உங்களிடம் வரும். இலங்கையிலிருந்து வந்த நீல ஏரோகிராம்களைக் குடும்பங்கள் கட்டுக்கட்டாக வைத்திருக்கின்றன. மூன்று பக்கமும் பசை ஒட்டி மடிக்கும் தாள் அது, மடிப்பில்தான் முதலில் உடையும். விரித்து, தட்டையாக, அமிலமற்ற உறையில் தனித்தனியே வையுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், இளகி ஒட்டிக்கொள்ளும். குடும்ப அட்டை, கப்பல் சீட்டு எதுவானாலும் சூட்டு லேமினேஷன் போடக் கொடுக்காதீர்கள். அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்தத் தாள் சொந்தம், அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். அவர் வாழ்நாளில் அச்சாகாத எழுத்துக்கு, பின்னால் முதலில் அச்சாகும் ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை அது நிற்கும். எனவே வாங்கும்போதே ‘வாசிக்கலாமா, படியெடுக்கலாமா, அச்சிடலாமா’ என்று மூன்று கேள்விக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் பேர் வரும் ஒருவர் உயிரோடிருந்தால், குடும்பம் சொல்லும் ஆண்டுவரை உறையை மூடிவைப்பதே முறை.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) இல்லை என்பதற்காக ஒரு நூலைத் திருப்பி அனுப்பவேண்டாம். நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் இலவசம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பது சொந்தமாக அச்சிடும் பலருக்குத் தெரியாது. அறிவிப்புப் பலகையில் அந்த வழிமுறையை எழுதி ஒட்டுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே இருக்கும் பிரதி அழிந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது, இந்த நூல்களை எழுதியவர்களின் ஊர்களிலிருந்தும்தான். அந்தக் காசில் அவர்கள் எழுதிய நூலுக்கும் பங்கு உண்டு.

கழிவு செய்வது பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ‘ஐந்து ஆண்டாக யாரும் எடுத்துப் போகவில்லை’ என்ற ஒரே கணக்கில் இந்த நூல்களைக் கழிவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 48 பக்கக் கவிதை நூலை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அடுக்கருகில் நின்றோ மேசையில் உட்கார்ந்தோ படித்து முடித்துவிடுகிறார்கள். வீட்டில் வைத்துப் படிக்க முடியாத துக்கம் சிலருக்கு இருக்கிறது, அவர்கள் நூலகத்தில்தான் படிப்பார்கள். வழங்கல் பதிவேட்டில் இந்த வாசிப்பு விழாது. ‘படித்த நூலை அடுக்கில் வைக்க வேண்டாம், இங்கே வைக்கவும்’ என்று ஒரு தட்டை வையுங்கள். மாலையில் கதவடைக்குமுன் தட்டிலிருப்பதை எண்ணிக் குறியுங்கள். மூன்று மாதம் இப்படிக் குறித்துவிட்டு, அதன்பின் கழிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அப்படியும் ஒரு நூலை நீக்கத்தான் வேண்டும் என்றால், மாவட்டத்தில் வேறு எந்தக் கிளையிலாவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மைய நூலகத்துக்கு அனுப்புங்கள். எடைக்குப் போக விடாதீர்கள்.

தென்மேற்கு மழைக்கு முன், மே மாதத்தில் கூடலூர் அல்லது பந்தலூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் இதைத் தொடங்கலாம். முதல் நாள் காலை அடுக்கிலும் பீரோவிலும் உள்ள முதுகில்லாத நூல்களை எல்லாம் மேசைக்கு எடுத்து எண்ண வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் நாளொன்றுக்குப் பின் கழற்றித் தைத்து மேலுறை போட்டு முப்பது நூல் முடியும், ஓட்டை அடைக்க வேண்டியது நிறைய இருந்தால் இருபது. குத்தூசி, ஊசி, பருத்தி நூல், 300 ஜிஎஸ்எம் அட்டை, லென்ஸ் டிஷ்யூ எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம். வெளிச்சம் விழும் ஒரு மேசையும் பசை காய்ச்ச ஓர் அடுப்பும் அங்கே இருந்தால் போதும். தைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் வாசகர் வட்டத்து இளைஞர்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லுங்கள். நாளைக் குறித்துச் சொல்லுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி மலையின் வாசகர்கள், நூல் கட்டுநர்கள் சிலர்